நாற்பது நிமிட ஆங்கிலம்

பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் தலைமையாசிரியரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இங்கிலீஷ் நல்லா பேச வந்துடுங்களா?" இந்தக் கேள்வியைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது முழுக்க நியாயமான கேள்வியாகவே படுகிறது. கல்லூரிப் பாடநூல், வேலைக்கான நேர்காணல், வங்கிப் படிவம், மருத்துவமனை அறிக்கை என்று ஒவ்வொரு வாசலிலும் ஆங்கிலம் நிற்பதைத் தங்கள் வாழ்க்கையிலேயே பார்த்தவர்கள் அவர்கள். பிள்ளை அந்த வாசல்களில் தயங்கி நிற்கக் கூடாது என்று நினைப்பதில் என்ன தவறு?

கோளாறு அந்தக் கேள்விக்கு நாம் தந்திருக்கும் பதிலில் இருக்கிறது. கணக்கு, அறிவியல், சூழ்நிலையியல் என எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நடத்தினால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்பதே அந்தப் பதில். தனியார் பள்ளிகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த இதை, 2012–13 கல்வியாண்டு முதல் ஆங்கில வழிப் பிரிவுகளைத் தொடங்கி அரசுப் பள்ளிகளும் ஏற்றுக்கொண்டன. இதற்கு அடியில் ஓர் எண்ணம் கிடக்கிறது: குழந்தையை ஒரு மொழியின் நடுவில் விட்டுவிட்டால் அது அந்த மொழியைப் பிடித்துக்கொள்ளும். அறுபது ஆண்டுகளாகப் பல நாடுகளில் சோதித்துப் பார்க்கப்பட்ட எண்ணம் இது. அந்தச் சோதனைகளின் முடிவுகள் எதைக் காட்டுகின்றன என்பதை நம் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

'இம்மர்ஷன்' என்று கல்வியுலகம் அழைக்கும் முறையின் புகழ்பெற்ற தொடக்கம் கனடாவில் நடந்தது. மொன்ட்ரியால் நகரை ஒட்டிய செயின்ட்-லாம்பர்ட்டில் ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் கணிசமாக இருந்தன. கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு மக்களின் அரசியல் எழுச்சி வலுத்த 1960களில், பிரெஞ்சு தெரியாமல் தம் பிள்ளைகள் அங்கே வாழ முடியாது என்று அந்தப் பெற்றோர் உணர்ந்தார்கள். பள்ளியில் பிரெஞ்சு ஒரு பாடமாக இருக்கத்தான் செய்தது. ஆண்டுக்கணக்கில் படித்தும் பக்கத்து வீட்டாரிடம் நாலு வாக்கியம் பேச யாருக்கும் வரவில்லை. பெற்றோர் கூடிப் பேசி, தயங்கிய பள்ளி நிர்வாகத்தை வற்புறுத்தி, 1965 செப்டம்பரில் 26 பிள்ளைகளைக் கொண்ட ஒரு மழலையர் வகுப்பை முழுக்கப் பிரெஞ்சில் தொடங்கவைத்தார்கள். மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட், ரிச்சர்ட் டக்கருடன் சேர்ந்து அந்தப் பிள்ளைகளை ஆண்டுதோறும் சோதித்து, 1972இல் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார்.

முடிவுகள் பெற்றோருக்கு நிம்மதி தந்தன. பிரெஞ்சில் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் அந்தப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பிள்ளைகளை நெருங்கினார்கள். கணக்கில் பின்தங்கவில்லை. ஆங்கில வாசிப்பில் தொடக்கத்தில் இருந்த சிறு பின்னடைவு, ஆங்கிலப் பாடம் தொடங்கிய பிறகு சரியாகிவிட்டது. செய்தி பரவியது. கனடா முழுவதும் இத்தகைய வகுப்புகள் பெருகின. உலகின் பல நாடுகள் அந்த முறையை எடுத்துக்கொண்டன.

புகழ் பரவிய அளவுக்கு அந்த வகுப்பறையின் நடைமுறை பரவவில்லை. ஆசிரியை பிரெஞ்சு மட்டுமே பேசினார். ஆனால் பிள்ளைகள் பேசிய ஆங்கிலம் அவருக்குப் புரியும். முதல் ஆண்டில் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லலாம். யாரும் தடுக்கவில்லை, தண்டிக்கவில்லை. வகுப்பில் இருந்த ஒவ்வொரு பிள்ளையும் பிரெஞ்சில் சுழியத்திலிருந்து தொடங்கியது. ஆகவே ஆசிரியை சைகை, படம், பொருள், பாட்டு எல்லாவற்றையும் பயன்படுத்தி எல்லோருக்கும் புரியும்படி பேசியே ஆகவேண்டும். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், பிள்ளைகளின் தாய்மொழி வட அமெரிக்காவையே ஆளும் மொழி. வீட்டில் ஆங்கிலப் புத்தகம், தெருவில் ஆங்கிலம், தொலைக்காட்சியில் ஆங்கிலம். பள்ளியில் எத்தனை மணி நேரம் பிரெஞ்சு ஓடினாலும் அந்த மொழிக்கு ஒரு கீறலும் விழாது. இருக்கும் மொழியோடு இன்னொன்று சேர்வதையும், இருக்கும் மொழியைத் தேய்த்துவிட்டு இன்னொன்று வருவதையும் லாம்பர்ட் பிற்பாடு தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். செயின்ட்-லாம்பர்ட் முதல் வகைக்கு எடுத்துக்காட்டு.

இரண்டாம் வகை எப்படியிருக்கும் என்பதற்குச் சான்று அமெரிக்காவிலேயே கிடைக்கிறது. சான்பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத ஏறத்தாழ 1,800 சீனப் பிள்ளைகள் எந்த உதவியும் இல்லாமல் ஆங்கில வகுப்புகளில் உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். சுற்றிலும் ஆங்கிலம், வாசலுக்கு வெளியேயும் ஆங்கிலம். ஆங்கிலத்தின் நடுவில் இருப்பதே போதுமென்றால் அவர்களைவிட வாய்ப்புள்ள பிள்ளைகள் உலகில் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974இல், அவர்கள் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில் வேறுவிதமாகச் சொன்னது: புரியாத மொழியில் அதே பாடநூலும் அதே ஆசிரியரும் தரப்படுவதால் சமத்துவம் வந்துவிடாது; அந்தப் பிள்ளைகளுக்குக் கல்வி மறுக்கப்பட்டிருக்கிறது.

நம் நிலைமைக்கு இன்னும் அருகில் வரும் ஒப்பீடு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. சாம்பியாவும் மலாவியும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். எல்லைக்கு இந்தப் பக்கம் நியாஞ்சா, அந்தப் பக்கம் சிச்செவா என்று பெயர் வேறுபட்டாலும் மொழி ஏறத்தாழ ஒன்றே. சாம்பியாவில் அப்போது முதல் வகுப்பிலிருந்தே ஆங்கில வழி. மலாவியில் முதல் நான்கு ஆண்டுகள் சிச்செவா வழி. ஆங்கிலம் ஒரு பாடம் மட்டும். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் வாசிப்பை எட்டி வில்லியம்ஸ் இரு நாடுகளிலும் ஒரே சோதனையால் அளந்து 1996இல் வெளியிட்டார். ஆங்கில வாசிப்பில் இரு நாட்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உள்ளூர் மொழி வாசிப்பில் மலாவிப் பிள்ளைகள் வெகுதூரம் முன்னால் நின்றார்கள். சாம்பியப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எந்த மொழியிலும் சரியாகப் படிக்க வரவில்லை. மலாவி இரண்டில் ஏழை நாடு, வகுப்புகளில் நெரிசலும் அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நான்கு ஆண்டுகள் கூடுதலாக ஆங்கிலத்தில் உட்கார்ந்ததற்குச் சாம்பியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலேயே ஒரு பலனும் கிடைக்கவில்லை. பின்னாளில் சாம்பியா தொடக்க எழுத்தறிவை உள்ளூர் மொழிகளுக்கு மாற்றிக்கொண்டது.

நைஜீரியாவில் இதைக் கல்வியாளர் பாப்ஸ் ஃபாஃபுன்வா 1970இலேயே சோதனையாகச் செய்து பார்த்தார். இஃபே நகரில் ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளும் யொருபாவில் பாடம் நடந்தது. ஆங்கிலத்தைத் தனிப் பாடமாக, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர் கற்பித்தார். இடையில் ஆங்கில வழிக்கு மாறிய மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, யொருபா வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தில் குறையவில்லை. பல அளவைகளில் கூடுதலாகவே இருந்தார்கள்.

இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு நம் ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவுக்குள் போனால் காண்பது என்ன? ஆசிரியை சூழ்நிலையியல் பாடத்தின் ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசிக்கிறார். பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்கிறார்கள். பிறகு அதன் பொருளைத் தமிழில் விளக்குகிறார். கடைசியில் வினாவும் விடையும் கரும்பலகையில் வருகின்றன, நோட்டில் ஏறுகின்றன, மனப்பாடமாகின்றன. தமிழில் விளக்கியதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பாடவேளையில் பிள்ளைக்குள் போன அறிவு அதன் வழியாகத்தான் போனது. ஆனால் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தைக் கொண்டு எதையும் தெரிந்துகொள்ளவில்லை, யாரிடமும் எதையும் கேட்கவில்லை, எதையும் முடிவு செய்யவில்லை. ஆங்கிலம் அங்கே ஓதப்பட்டது. செயின்ட்-லாம்பர்ட்டில் நடந்ததன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டோம். சில தனியார் பள்ளிகள் தமிழில் பேசினால் அபராதம் வாங்குகின்றன, பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிற்கவைக்கின்றன. இந்த முறை பிறந்த ஊரிலேயே செய்யாத கொடுமை அது. வாய் திறந்தால் தண்டனை என்று கற்றுக்கொண்ட பிள்ளை எந்த மொழியிலும் வாய் திறக்காது.

இனி நேரக் கணக்கைப் பார்க்கலாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள் என்கிறது. நாளுக்கு ஒரு பாடவேளை நாற்பது நிமிடம் என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 133 மணி நேரம். விழித்திருக்கும் நேரம் நாளுக்குப் பன்னிரண்டு மணி என்றால், வீட்டுமொழியில் ஒரு குழந்தை பதினொரு நாளில் வாழ்ந்து தீர்க்கும் நேரம் அது. ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து 667 மணி. தெருவிலும் வீட்டிலும் ஆங்கிலம் இல்லாத ஊரில், பிள்ளையைச் சுற்றி ஆங்கிலம் நிறைந்திருக்கும் சூழலை உண்டாக்கிவிட முடியும் என்பது கணக்கிலேயே பொய்த்துப்போகிறது.

சின்ன வயதில் தொடங்கினால் எல்லாம் தானாக வரும் என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸும் குழுவினரும் எட்டு வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் பதினொரு வயதில் தொடங்கியவர்களையும் 200 மணி, 416 மணி, 726 மணி வகுப்புகள் முடிந்த கட்டங்களில் ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும், பிந்தித் தொடங்கியவர்களே பெரும்பாலான சோதனைகளில் முன்னால் இருந்தார்கள். நம் தொடக்கப் பள்ளியின் ஐந்து ஆண்டுக் கணக்கு அந்தக் கடைசிக் கட்டத்தைக்கூட எட்டவில்லை. சிறு பிள்ளைகள் மொழியைக் காதால் வாங்கி அறியாமலே கற்பவர்கள். அதற்கு ஆயிரக்கணக்கான மணி நேரம் வேண்டும். பள்ளி தரும் சொற்ப நேரத்தில் அந்தத் திறமை வேலை செய்ய இடமில்லை. இதனால் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலமே வேண்டாம் என்று நான் முடிவு கட்டவில்லை. 667 மணி நேரம் வீணடிக்கக்கூடியதும் இல்லை. அதில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

பசிபிக் தீவு நாடான பிஜியில் இதற்கு விடை தேடிய ஆய்வு ஒன்று நடந்தது. தொடக்கக் கல்வி ஆய்வுகளில் என்னை மிகவும் நம்பிக்கை கொள்ளவைத்தது அதுவே. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அங்கே ஏராளம். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து போன தமிழரும் தெலுங்கரும் அதில் அடக்கம். கிராமத்துப் பிள்ளைகள் வீட்டில் பிஜியமோ பிஜி இந்தியோ பேசுவார்கள்; பள்ளியில் ஆங்கிலம். அதைக் கற்பிக்க ஒரு வாய்மொழிப் பாடத்திட்டம் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு வாக்கிய அமைப்பு. அதை ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகவேண்டும். வகுப்பறைகளில் கதைப்புத்தகம் அரிது.

நியூசிலாந்தைச் சேர்ந்த வார்விக் எல்லியும், பிஜியைச் சேர்ந்த பிரான்சிஸ் மங்குபாயும் 1980இல் எட்டுக் கிராமப்புறப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் 380 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். வகுப்புக்கு 250 கதைப்புத்தகங்கள்: படங்கள் நிறைந்தவை, பிள்ளைகளே விரும்பி எடுக்கக்கூடியவை. சில வகுப்புகளில் பிள்ளைகள் தினமும் அமைதியாகத் தாமே படித்தார்கள்; ஆசிரியரும் அவர்களோடு படித்தார். மற்ற வகுப்புகளில் ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் முறை. நியூசிலாந்து ஆசிரியர் டான் ஹோல்டவே வகுத்த இந்த முறையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி பெரிய எழுத்தில் அமைந்த புத்தகத்தை ஆசிரியர் முன்னால் நிறுத்துவார். அட்டைப் படத்தைக் காட்டி, என்ன நடக்கப்போகிறது என்று கேட்பார். வாசிப்பார், நடுவில் நிறுத்தி, அடுத்தது என்ன என்பார். மறுநாள் அதே கதையைத் திரும்ப வாசிக்கும்போது பிள்ளைகளின் குரல் தானாக வந்து சேரும். பிறகு படம் வரைவது, நடித்துக் காட்டுவது, முடிவை மாற்றி எழுதுவது. இலக்கண விளக்கம் கிடையாது.

எட்டு மாதம் கழித்துச் சோதித்தபோது, வாசிப்பிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் இந்தப் பிள்ளைகள் வழக்கமான வேகத்தைப் போல இரண்டு மடங்கு முன்னேறியிருந்தார்கள். இருபது மாதம் கழித்து, யாரும் நேரடியாகக் கற்பிக்காத எழுத்திலும் வாக்கிய அமைப்பிலும்கூட அந்த வளர்ச்சி பரவியிருந்தது. வாக்கிய அமைப்புகளைத் தினமும் பயிற்சி செய்துவந்த ஒப்பீட்டுப் பள்ளிகள் பின்தங்கின. சிங்கப்பூர் 1985இல் தொடங்கிய தொடக்கநிலை ஆங்கிலத் திட்டத்தில் இந்த அனுபவத்தை எடுத்துக்கொண்டது. பிறகு இலங்கை, தென்னாப்பிரிக்கா என்று வேறு நாடுகளிலும் இதைப் போன்ற முயற்சிகள் நடந்தன.

பிஜி ஆசிரியர்கள் சிறப்புப் பயிற்சி பெற்ற நிபுணர்கள் இல்லை. அவர்களுக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். குறுகிய பயிற்சி ஒன்றைத் தவிர வேறொன்றும் தரப்படவில்லை. பிறகு எப்படி நடந்தது? புத்தகம் அவர்களைத் தாங்கியது. நாலு வாக்கியம் தொடர்ந்து ஆங்கிலத்தில் பேசக் கூசும் ஓர் ஆசிரியர், நன்றாக எழுதப்பட்ட பதினாறு பக்கக் கதையைப் பிள்ளைகளுக்கு உயிரோடு வாசித்துக் காட்டிவிட முடியும். வாக்கியம் புத்தகத்தில் இருக்கிறது. பொருள் படத்தில் இருக்கிறது. அடுத்து என்ன என்ற ஆவல் பிள்ளைக்குள் இருக்கிறது. ஆசிரியர் தரவேண்டியது குரலும் முகமும்தான். தமிழ்நாட்டின் ஆங்கிலக் கல்வி பற்றிய எந்த விவாதமும் கடைசியில் "டீச்சருக்கே இங்கிலீஷ் வரலையே" என்ற இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். அந்த முட்டுச்சந்தைத் தாண்டும் வழி பிஜியில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சுற்றியிருக்கும் மொழியில் பிள்ளை எடுத்துக்கொள்வது தனக்குப் புரிந்ததை மட்டுமே. அதையும் எதற்காவது தேவைப்படும்போதுதான் எடுத்துக்கொள்கிறது. செயின்ட்-லாம்பர்ட்டில் வேலை செய்தவை இந்த இரண்டும்தான். பிஜியில் புத்தகம் இந்த இரண்டையும் தந்தது. இரண்டையும் ஒரு நாற்பது நிமிடப் பாடவேளைக்குள், மற்றப் பாடங்கள் தமிழில் நடக்கும் பள்ளிக்குள்ளேயே கொண்டுவர முடியும்.

தேவை என்ற பக்கத்தை நம் மண்ணிலேயே தீவிரமாக ஆராய்ந்தவர் என். எஸ். பிரபு. 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலம் வாக்கிய அமைப்பு முறையை மிகப்பெரிய அளவில் ஆசிரியர்களுக்குக் கொண்டுசென்றது. இருபது ஆண்டுக்குப் பிறகு பார்த்தால், கரும்பலகையில் உள்ள வாக்கியச் சட்டகத்தில் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சரியான வாக்கியம் சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கு வகுப்பைத் தாண்டி அது பயன்படவில்லை. பிரபுவின் குழு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் இலக்கண வரிசை எதையும் வைத்துக்கொள்ளாமல் பாடம் நடத்திப் பார்த்தது. பெங்களூரு வட்டார ஆங்கில நிறுவனம் அதற்கு இருப்பிடமாக இருந்தது. 1987இல் வெளிவந்த பிரபுவின் நூல் உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்றும் படிக்கப்படுகிறது. நம் ஊர் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

பாடம் என்பது அங்கே ஒரு வேலை. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போனால் சீக்கிரம் சேரலாம் என்று கண்டுபிடி. வரைபடத்தில் பள்ளியிலிருந்து அஞ்சலகத்துக்கு வழி சொல். நாட்காட்டியில் விடுமுறைகளைப் பார்த்துக் கணக்கிடு. முதலில் ஒரு வேலையை ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் கேள்வி கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் செய்து முடிப்பார். பிறகு அதைப் போன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் தனித்தனியே செய்வார்கள். மதிப்பெண் விடைக்கு, வாக்கியத்தின் அழகுக்கு இல்லை. பிள்ளைகளைக் குழுவாகப் பிரிப்பதைப் பிரபு விரும்பவில்லை. ஒருவர் பிழையை இன்னொருவர் உறுதிப்படுத்திவிடுவார் என்பது அவர் கருத்து. இன்றைய பயிற்சி வகுப்புகளில் குழுச் செயல்பாடு கேள்விக்கு அப்பாற்பட்ட நன்மையாக நிற்கும்போது, இதை நினைவில் வைப்பது நல்லது.

ஆலன் டேவிஸும் ஆலன் பெரெட்டாவும் செய்த மதிப்பீடு 1985இல் வந்தது. தனித்தனி இலக்கணக் கேள்விகளில் பழைய முறைப் பிள்ளைகளும், பொருளோடு சேர்ந்த பயன்பாட்டில் பிரபுவின் பிள்ளைகளும் மேலோங்கினார்கள். திட்டத்தை எச்சரிக்கையோடு ஆதரித்த மதிப்பீடு அது. ஆனால் திட்டக் குழுவினர் இயல்பாகச் செய்ததை வழக்கமான பள்ளி ஆசிரியர்கள் அதே எளிமையுடன் செய்ய முடியவில்லை என்று பெரெட்டா பின்னர் எழுதினார். அதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளையின் எந்தப் பதிலுக்கும் அந்த நொடியிலேயே ஆங்கிலத்தில் அடுத்த கேள்வி போடவேண்டும். அதற்கு நல்ல சரளம் வேண்டும். பிஜி முறை சரளம் குறைந்த ஆசிரியரையும் ஏற்கும். பிரபுவின் முறை அவரிடம் கூடுதலாகக் கேட்கும். கதைப்புத்தகத்தில் தொடங்கி, கை பழகியபின் வேலை தரும் பாடங்களுக்குப் போவது நம் ஆசிரியர்களுக்கு ஏற்ற வரிசை என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலைக்கான பொருட்களைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. பேருந்தின் கால அட்டவணை, ரயில் நிலையப் பெயர்ப்பலகை, மருந்து அட்டை, பிஸ்கட் உறை, விதைப் பாக்கெட், கைப்பேசித் திரை, கிரிக்கெட் ஸ்கோர் என்று தமிழ்நாட்டுக் கிராமமும் அச்சில் நிறைய ஆங்கிலம் வைத்திருக்கிறது. மூன்றாம் வகுப்புக்கு ஐந்து பிஸ்கட் உறைகளைக் கொண்டுபோனால் போதும். எது விலை குறைவு, எதில் எடை அதிகம், எதன் தேதி முடிந்துவிட்டது, எதை வாங்கலாம்? விடையைத் தேடும் பிள்ளை எண்ணையும் மாதப் பெயரையும் ஒப்பீட்டுச் சொற்களையும் தானே தொட்டுவிடும். மருந்து அட்டையில் காலாவதித் தேதியைப் படிக்கத் தெரிந்த எட்டு வயதுப் பெண் அன்றைக்கு மாலையே வீட்டில் பாட்டியின் மாத்திரையை எடுத்துப் பார்ப்பாள். வகுப்பில் கற்றது வீட்டுக்கு உதவும்போது பிள்ளைக்குள் வரும் பெருமிதத்தை எந்தப் பரிசும் தராது.

பஸ், டிக்கெட், சார்ஜ், பேலன்ஸ், லீவு, டிரெஸ், பென்சில், அவுட் என்று நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்களோடுதான் நம் பிள்ளை முதல் வகுப்புக்கு வருகிறது. உச்சரிப்பு தமிழாக இருக்கலாம், பொருள் தெரியும். அந்தச் சேமிப்பைத் தொடாமல் ஏ ஃபார் ஆப்பிள் என்று ஆரம்பிக்கிறோம். லில்லி வாங் ஃபில்மோர் 1976இல் வெளிவந்த ஆய்வுக்காகக் கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் ஐந்து பிள்ளைகள் ஆங்கிலம் கற்பதை உற்றுக் கவனித்தார். விளையாட்டில் சேரவேண்டும் என்ற ஆசையில் அவர்கள் முழு வாக்கியத் துண்டுகளை அப்படியே தூக்கிக்கொண்டு, பொருத்தமான இடத்தில் எறிந்தார்கள். உடைத்துப் பார்த்து இலக்கணம் கண்டது பிறகுதான். "மே ஐ கம் இன் மிஸ்" என்பதை நம் பிள்ளைகள் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். அதைச் சொன்னால் கதவு திறக்கிறது. அப்படிக் கதவு திறக்கும் வாக்கியங்கள் ஒரு நாளில் இன்னும் இருபது கிடைக்கும்: ரப்பர் கேட்க, பந்து கேட்க, ஜன்னலைத் திறக்கச் சொல்ல, தன் முறை வந்துவிட்டது என்று சொல்ல.

பேசவைப்பதைப் பற்றி கனடாவிலிருந்தே வந்த ஓர் எச்சரிக்கை உண்டு. மெரில் ஸ்வெய்ன் 1985இல், ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சு வழியில் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பேச்சை ஆராய்ந்தார். கேட்பதும் புரிவதும் சிறப்பு. ஆனால் காலம், பால் எல்லாம் பேச்சில் தடுமாறின. வகுப்பில் அதிகம் பேசியது ஆசிரியர். பிள்ளைகள் ஒரு சொல், இரு சொல்லில் பதில் சொல்லித் தப்பித்துவிட்டார்கள் என்பது அவர் கண்டது. ஆகவே நம் வகுப்பில் கதை கேட்ட பிள்ளை, அன்று வராதிருந்த தோழிக்கு மறுநாள் அதைச் சொல்லவேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு நாலு வரிக் கடிதம் எழுதவேண்டும். பதில் வந்தால் படிக்கவேண்டும். கேட்பவருக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றைச் சொல்லும்போதுதான் பிள்ளை தன் வாக்கியத்தைத் தானே செப்பனிடும்.

இவை அனைத்துக்கும் முன்னால் தமிழில் தடையின்றிப் படிக்க வரவேண்டும். மலாவிப் பிள்ளைகள் காட்டியது அதுவே: படிப்பது என்றால் என்ன என்பதைத் தெரிந்த மொழியில் கற்றுக்கொண்டவர்கள், தெரியாத மொழிக்கும் அதைக் கொண்டுபோனார்கள். 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்துத் தமிழில் சிறு சிறு கதைப்புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது மனதார வரவேற்கவேண்டியது. ஆங்கிலத்துக்கும் அப்படியொரு தொகுப்பு வேண்டும். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படக்கதைகளைப் பல ஆண்டுகளாக வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பதிவிறக்கி அச்சிட உரிமையும் உண்டு. கதையைத் தமிழில் ரசித்துவிட்ட பிள்ளை ஆங்கிலப் பக்கத்தைத் திறக்கும்போது பாதிப் பொருள் முன்பே கையில் இருக்கும்.

இதை நடத்தும் ஆசிரியரை இன்றைய தேர்வு முறை கைவிட்டுவிடும் என்பதுதான் என் பெரிய கவலை. பருவத் தேர்வின் வினாத்தாள் பாடநூலின் பின்பக்கக் கேள்விகளையே திரும்பக் கேட்டால், கதை வாசித்த வகுப்பைவிட மனப்பாடம் செய்த வகுப்பே மேலே நிற்கும். அடுத்த ஆண்டு அந்த ஆசிரியரும் நோட்டுக்குத் திரும்பிவிடுவார். வினாத்தாளில் ஒரு பகுதியாவது பிள்ளை முன்பு பார்த்திராத ஒரு பக்கமாக இருக்கவேண்டும்: ஒரு புதுக் கதையின் தொடக்கம், ஒரு பேருந்து அட்டவணை, ஒரு மருந்து அட்டை. படித்துவிட்டு எதையாவது கண்டுபிடிக்கச் சொல்லலாம்; விடையைத் தமிழிலும் எழுத விடலாம். பிரபுவின் குழு தன் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வைத்திருந்த அளவுகோல் இதற்குப் பொருந்தும். வகுப்பில் பாதிப் பேராவது கேட்டதில் பாதியைச் சரியாகச் செய்துவிட்டால் அந்த வேலை அந்த வகுப்புக்கு ஏற்றது. அதற்குக் கீழே போனால் மறுநாள் ஆசிரியர் அதையே கொஞ்சம் எளிமையாக்கிக் கொண்டுவருவார்.